கிணற்றில் விழுந்த ரோபோ

உலகத்தின் தலைசிறந்த ஓவியர்கள் பட்டியலில் அண்ணனுக்கு மூன்றாம் இடம். இதை அறிவித்தவனும் அண்ணன்தான். முதல் இரண்டு இடங்களில் யார் என்று தங்கை கேட்டாள்.

"அது ரெண்டும் இன்னும் காலியாதான் இருக்கு," என்றான்.

அண்ணனுக்குப் பதினாறு வயது. தங்கைக்கு ஒன்பது. வீட்டில் அவளைப் பொடி என்று கூப்பிடுவார்கள். காமிக்ஸ் திருவிழாவில் அண்ணனுக்கு முதன்முறையாக ஒரு மேசை கிடைத்திருந்தது. பின்னால் ஆறடிப் பலகை. அதன் உச்சியில் படங்களைக் குத்தி வைத்திருந்தான். மேசைமேல் அவனே எழுதி, வரைந்து, அச்சடித்த 'ஒற்றைக்கண் ரோபோ' புத்தகங்கள்.

பக்கத்து மேசை அக்கா, வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் அட்டையில் வரைந்து கொடுத்தாள். பூனை கேட்டால் பூனை. கண்ணாடி போட்ட பூனை கேட்டால் அதுவும். அங்கே ஒரே கூட்டம்.

அண்ணன் உதட்டைச் சுழித்தான். "கேட்டதை வரைஞ்சு குடுத்தா அது ஓவியம் இல்ல பொடி, ஓட்டல். 'அடுத்து யாருக்கு என்ன வேணும்'னு கேக்கறதுதான் பாக்கி."

பதினொரு மணிவரை அண்ணனின் மேசையில் யாரும் நிற்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒருவர் நின்றார். கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு அண்ணன் சொன்னான்: "இன்னிக்கு ஒரு புத்தகம்கூடப் போகலன்னா, இனிமே பென்சிலையே தொட மாட்டேன்."

பெருமை பேசும்போது அண்ணனுக்குக் குரல் பெரிதாக இருக்கும். இதைச் சின்னக் குரலில் சொன்னான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ரோபோ கிணற்றில் விழுந்திருந்தது. அண்ணன் வரையாவிட்டால் அது காலத்துக்கும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

யோசிப்பதற்காகப் பொடி மேசைக்கு அடியில் நுழைந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு டிராகன் அழுதுகொண்டிருந்தது.

அட்டையால் செய்த டிராகன் உடை. உள்ளே ஐந்து வயதுப் பையன்.

"யாரோ மிதிச்சு என் வால் கிழிஞ்சிடுச்சு."

"உங்க அப்பா எங்க?"

டிராகன் வெளியே காத்திருந்த இரண்டு ஷூக்களைக் காட்டியது. "வெளிய வர மாட்டேன்னு சொல்லிட்டேன். வால் இல்லன்னா நான் வெறும் பல்லி."

"பல்லிக்கும் வால் உண்டே."

டிராகன் இன்னும் பலமாக அழுதது.

பொடி அண்ணனின் டேப்பை எடுத்து வாலை ஒட்ட ஆரம்பித்தாள். அதுவரை அழாமல் இருக்கட்டும் என்று ரோபோ புத்தகத்தை டிராகனின் மடியில் வைத்தாள். அழுகை நின்றது. கடைசிப் பக்கமும் வந்தது.

"கிணத்துல விழுந்துட்டான். அப்புறம்?"

"தெரியாது. மேல ஒருத்தன் உக்காந்திருக்கான். அவன்தான் வரையணும்."

"இது எங்க விக்குது?"

"இந்த மேசைலதான்."

"நான் பாக்கவே இல்லையே."

பொடி வெளியே வந்து, மேசைக்கு முன்னால் டிராகன் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். மேசை விரிப்பு தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் பாதிப் பேர் அந்த உயரம்தான்.

பலகையிலிருந்து நான்கு படங்களை எடுத்து, விரிப்பின் முன்பக்கம் கிளிப் போட்டு மாட்டினாள்.

"பொடி, என் ஓவியத்தைப் போய்க் கீழ மாட்டறியா?"

"கண்ணெல்லாம் கீழதானே அண்ணா இருக்கு."

ஒரு சிறுமி படத்தின் முன் குந்தி உட்கார்ந்தாள். பிறகு இரண்டு பேர். பிறகு ஐந்து பேர். எல்லாரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். எல்லாரும் அண்ணனிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "அப்புறம்?"

டிராகனும் வந்தது. "என் வாலைப் பிடிச்சிக்கிட்டு ரோபோ மேல ஏறி வரட்டும். வரைஞ்சு குடுங்க."

"இதோ பாரு தம்பி, நான் கேட்டதை எல்லாம்..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

டிராகன் தன் வாலைத் தூக்கி மேசைமேல் வைத்தது. நான்கு சுற்று டேப் போட்ட வால்.

அண்ணன் வாலைப் பார்த்தான். பொடியைப் பார்த்தான். பென்சிலைச் சீவினான்.

படத்தில் ரோபோ வாலைப் பிடித்து ஏறியது. வாலில் டேப்பைக்கூட அண்ணன் விடவில்லை. டிராகனின் அப்பா அந்தப் படத்தோடு ஒரு புத்தகமும் வாங்கினார்.

நான்கு மணிக்குப் புத்தகக் கட்டு பாதியாகியிருந்தது. கிணற்றிலிருந்து ரோபோவை யார் யாரோ தூக்கிவிட்டார்கள்: ஒரு யானை, ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு பையனின் மூக்கு நீண்ட மாமா.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பொடியும் போய் அண்ணனின் முன்னால் நின்ற வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். தலை நிமிராமல், சின்னக் குரலில் கேட்டான்:

"அடுத்து யாருக்கு என்ன வேணும்?"