சுவேதா கை மணி

"பவானி! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரமாச்சு. அந்தப் புள்ளைய இன்னும் முன்ரூம்லயே ஒக்கார வச்சிருக்கியே!"

மாமனார் சபாபதியின் குரல் அடுப்படி வரைக்கும் வந்து இடித்தது. கேசரி கிண்டிக்கொண்டிருந்த பவானிக்கு உடம்பு கூசியது. அந்தப் புள்ளையாம்! சுவேதா என்று பெயர் வைத்ததே அவர்தான்.

அது 2009 தை மாதம். நாத்தனார் ரேகாவைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வருகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் அந்த வீட்டுக்கு அன்றைக்கு இருந்த ஒரே கவலை, நாலு வயது சுவேதாவின் கழுத்துதான். மூச்சுக்குழல் சுருங்கிப்போனதால் கைக்குழந்தையிலேயே தொண்டையில் துளை போட்டு ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். குரல் வெளியே வராது. அழுதால் கண்ணீர் கொட்டும், வாய் கோணும், சத்தம் மட்டும் இருக்காது. அதற்காகவே பவானி அவள் மணிக்கட்டில் ஒரு சலங்கை மணியைக் கட்டியிருந்தாள். மூச்சு முட்டினால் கையை ஆட்டுவாள். பவானி ஓடிப்போய் மெஷினால் சளியை உறிஞ்சி எடுப்பாள். டீச்சர் வேலையை விட்டது, அம்மா வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காதது, எல்லாம் அந்த மணிக்குக் காது கொடுக்கத்தான்.

"உள்ரூம்ல படுக்க வைக்கிறேன் மாமா. ஆனா கழுத்த மட்டும் மூடிடாதீங்க. அதுதான் அவளுக்கு மூக்கு."

"தெரியும், தெரியும்! வம்சத்துலயே கோளாறுன்னு நெனச்சுட்டா, தாயில்லாத என் பொண்ணு கதி?"

பவானி குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ரூமில் படுக்க வைத்தாள். பெற்ற பிள்ளையை ஒளித்து வைக்கச் சம்மதித்தோமே என்று வெட்கமாக இருந்தது...

வந்தார்கள். ரேகா பட்டுப்புடவையில் எல்லோரையும் கும்பிட்டாள். கேசரி, பஜ்ஜி, அப்புறம் காபி. டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த பவானிக்குத் திடீரென்று உறைத்தது. மணிச்சத்தம் கேட்டு எவ்வளவு நேரமாச்சு? தூக்கத்தில் புரண்டால்கூட ஒரு கிலுக் சத்தம் வருமே!

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி உள்ளே ஓடினாள்.

ஐயோ...! குழந்தையின் கழுத்தைச் சுற்றி மாமனாரின் சரிகைத் துண்டு. உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. பிஞ்சுக் கை காற்றில் உதறிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் மணி இல்லை!

துண்டைப் பிடுங்கி எறிந்தாள். மெஷினின் குழல் உள்ளே போகவில்லை. சளி காய்ந்து அடைத்திருந்தது. இப்போது கை நடுங்கினால் பிள்ளை போய்விடும். குழாயைக் கழுத்தோடு கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள். பழைய குழாயை உருவிவிட்டு, தலைமாட்டில் தொங்கிய பையிலிருந்து புதுக் குழாயை எடுத்துச் செருகினாள். ஒரு இருமல்... சளி தெறித்தது. மார்பு ஏறி இறங்கியது. பவானி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது எல்லோரும் உள்ரூம் வாசலில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தில்லையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். செம்மங்குப்பம் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்த கணவன் பாலகுமார் அவமானம் தாங்காமல் கத்தினான்.

"பெத்தவதானடி நீ? மானம் போவுதுன்னு மணியக் கழட்டி, கழுத்த வேற மூடி... உனக்கு எப்படி மனசு வந்துச்சு!"

பவானி துண்டைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் ரேகாவின் சம்பந்தம் இந்த இடத்திலேயே முறிந்துவிடும்.

"தப்புதாங்க... நான் பாத்திருக்கணும்" என்றாள்.

கண்ணில் உறுத்திய அந்தத் துண்டை எடுக்கச் சபாபதி குனிந்தார்.

கிலுங்...

அவர் சட்டைப்பையிலிருந்துதான் வந்தது. பதறி நிமிர்ந்தார். மறுபடி கிலுங்!

"அப்பா... நீங்களா?" என்றான் பாலகுமார்.

"நான்தான்டா... மணிச்சத்தம் கேட்டா யாருன்னு கேப்பாங்களேன்னு கழட்டுனேன், கொழாய் தெரியக் கூடாதுன்னு துண்டையும் சுத்துனேன். பவானிக்கு ஒண்ணும் தெரியாது!" தலையில் அடித்துக்கொண்டார். "சொந்தப் பேத்திய நெனச்சு எனக்கே வெக்கமா இருந்துச்சு... இப்ப என் மூஞ்சிய எங்கடா வச்சிக்குவேன்!"

ரேகா பட்டு கசங்கக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இவ என் அண்ணன் பொண்ணுங்க. இந்தக் கொழாய் வழியாத்தான் மூச்சு விடுவா. என்னப் பாக்க வந்தீங்க, இவளையும் பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

"கொழாய நாங்க இன்னா சொல்லப்போறோம்? மறைச்சதுதாம்மா சங்கடமா இருக்கு" என்றாள் தில்லையம்மாள். "பேசிட்டுச் சொல்றோம்." அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

பாலகுமார் பவானி எதிரில் வந்து நின்றான். "பவானி, நான்..." அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

சபாபதி மணியை நீட்டினார். "நீயே கட்டும்மா. நான் இதத் தொட லாயக்கில்ல."

"இல்ல மாமா. கழட்டுன கைதான் கட்டணும்."

அவர் தரையில் உட்கார்ந்தார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. ஒருவழியாகக் கட்டி முடித்ததும், சுவேதா அவர் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, கலகலவென்று ஆட்டினாள்.

"வந்துட்டேன் சாமி... தாத்தா வந்துட்டேன்!" என்று பேத்தியை அள்ளிக்கொண்டு கதறினார் சபாபதி.