படகு நின்ற இடம்

காலை எட்டு மணி. தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிய டைவர், முதலில் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னார். பிறகுதான் செய்தியைச் சொன்னார். பவளப்பாறையில் இருந்த ராட்சதச் சிப்பிகள் அத்தனையும் காணோம். கடப்பாரையால் நெம்பி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

மதியத்துக்குள் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் பழி யார் தலையில் என்பது முடிவாகிவிட்டது. தரவுக் காப்பாளர் தலையில். கடலில் எண்ணியது, அளந்தது எல்லாவற்றையும் ஒரே களஞ்சியமாக்கி, கேட்கிறவர்களுக்கெல்லாம் இணையத்தில் திறந்துவிட வேண்டும் என்று பல வருடம் மல்லுக்கட்டியவர் அந்தப் பெண்மணி. போன வாரம் திறந்தார். இந்த வாரம் திருட்டு. மாலையில் நிலையத்தின் நிர்வாகக் குழு கூடுகிறது. களஞ்சியத்துக்குப் பூட்டு, அவருக்கு வேலை காலி என்று வராந்தாவிலேயே பேசிக்கொண்டார்கள்.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் 'சல்லடை' என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை. நேரே கணினி அறைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இடம் எங்கேன்னு நீங்கதானே ஊருக்கே காட்டினீங்க?”

“இல்ல மேடம். அரிய உயிரினம்னா இடத்தை மங்கலாக்கித்தான் வெளியிடுவோம். வெளியே தெரியறது ஒரு பெரிய கட்டம். அதுக்குள்ள தேடினா மாசக்கணக்காகும்.”

“சரியான இடம்?”

“ஜி.பி.எஸ். தண்ணிக்கு அடியில வேலை செய்யாது. நான் படகு நிக்கிற இடத்தைக் குறிச்சுக்குவேன். டைவர் தம்பி அங்கிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நீந்தினார்னு சொல்வார். அதை வச்சுக் கரையில திருத்துவேன்.”

“அதெல்லாம் யார்கிட்ட இருக்கு?”

“திருத்தாத முதல் கோப்பை அன்னிக்கே எங்க மூத்த பேராசிரியர் சாருக்கும் அனுப்பினேன். திருத்தின கோப்பு நிலையத்துக் கணினியில மட்டும்தான் இருக்கு. திறந்தா பேர் பதிவாகும். நானும் தம்பியும் மட்டும்தான் திறந்திருக்கோம்.”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். தனக்குத் தானே குழி வெட்டிக்கொண்டது புரிந்துவிட்டது.

டைவர் படகுத்துறையில் ரப்பர் உடுப்பை அலசிக்கொண்டிருந்தார்.

“அக்கா பண்ணியிருக்க மாட்டாங்க மேடம்.”

“அதை நான் பார்த்துக்கறேன். கீழே என்ன பார்த்தீங்க?”

“பாறையிலிருந்து ரொம்பத் தள்ளி, மணல்ல நங்கூரம் போட்டிருக்கானுங்க. சுத்திச் சுத்திக் கிளறி வச்சிருக்கானுங்க. அங்க என்ன இருக்கு, மண்ணாங்கட்டி! அப்புறம்தான் பாறைப் பக்கம் வந்திருக்கானுங்க.”

“நீங்க எங்க நங்கூரம் போடுவீங்க?”

“நாங்களும் மணல்லதான். பாறை மேல போட்டா பவளம் நொறுங்கிடும். தள்ளி நிறுத்திட்டு நீந்திப் போவோம்.”

“கிளறின இடத்துக்கு மேல படகை நிறுத்தி, இடத்தைக் குறிச்சுட்டு வாங்க.”

பேராசிரியர் அறையில் சுவர் முழுக்க விருதுகள். முப்பது வருடமாகக் கடல்நீரின் வெப்பத்தைக் கரையில் நின்றே அளந்தவர். படகில் ஏறினால் அவருக்குக் குடலைப் புரட்டும்.

“தலைபாடா அடிச்சுக்கிட்டேன், திறக்காதீங்கன்னு. கஷ்டப்பட்டு எடுத்ததைப் போறவன் வர்றவனுக்கெல்லாம் ஏன் தூக்கிக் கொடுக்கணும்?”

“உங்களுக்கும் இடம் தெரியுமாமே?”

பேராசிரியர் சிரித்தார். “என்கிட்ட இருக்கறது முதல் கோப்பு. திருத்தினதை நான் திறக்கவே இல்லை. வேணும்னா பதிவைப் பாருங்க. அசல் இடம் எனக்கே தெரியாதும்மா.”

“பார்த்துட்டேன் சார். நீங்க சொல்றது நிஜம்தான்.”

மாலை. குழுத் தலைவர் தொண்டையைச் செருமுவதற்குள் இன்ஸ்பெக்டர் பேச ஆரம்பித்துவிட்டார்.

“பவளம் உடைஞ்சா திருடனுக்கு என்ன? இடம் தெரிஞ்சா நேரா பாறை மேலயே நங்கூரத்தைப் போட்டிருப்பான். ஆனா வெறும் மணலைக் கிளறியிருக்கான். கிளறின இடமும் முதல் கோப்புல இருக்கற இடமும் ஒண்ணு. அதாவது, ஆய்வு அன்னிக்குப் படகு நின்ன இடம். சிப்பி அங்க இல்லவே இல்லை. இந்த அம்மா சொல்லியிருந்தா, தானே திருத்தின இடத்தைச் சொல்லியிருப்பாங்க. டைவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பார். தப்பான இடத்தைக் கொடுக்க, சரியான இடம் தெரியாத ஆள் வேணும். அப்படி ஒருத்தர்தான் இருக்கார். அவரே என்கிட்ட சொன்னார்.”

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள்.

“உங்க போனைக் கொடுங்க சார்.”

அவர் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “சிப்பி வியாபாரி ஒருத்தனுக்கு அனுப்பினேன். ரெண்டு மூணு எடுப்பான், பயந்து களஞ்சியத்தை மூடிடுவாங்கன்னு நினைச்சேன். எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போவான்னு நினைக்கலை.”

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். குழுத் தலைவருக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது.

“அந்த ஆளோட தரவையெல்லாம் களஞ்சியத்துலேருந்து தூக்கிடும்மா.”

“தூக்க மாட்டேன் சார்,” என்றார் காப்பாளர். “அவர் செஞ்சது தப்பு. அளந்தது தப்பில்லை.”

விடைபெற வந்த இன்ஸ்பெக்டர் கணினி அறை வாசலில் நின்றார். உள்ளே காப்பாளர் கண்ணைத் துடைத்தபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

“வேலைதான் தப்பிச்சுதே, இன்னும் எதுக்கு அழறீங்க?”

“வேலை போனா வேற தேடியிருப்பேன் மேடம். திருட்டுப் போனதுல சில சிப்பிக்கு என் வயசு இருக்கும்.”

திரையில் அந்தப் பாறைக்கான புதிய வரி. இன்றைய தேதி. உயிருள்ள சிப்பிகள்: பூஜ்யம். காப்பாளர் ஒருமுறை சரிபார்த்தார். பிறகு அதையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்.