கிராணியாரின் கடைசிப் பெட்டி

கேட்டைத் தாண்டி காரை நிறுத்திக் கண்ணாடியை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கியபோது பிரவீனாவுக்குச் சுருட்டு வாசனை வந்தது. மரப்பெட்டியில் வருஷக்கணக்கில் கிடந்து, காரம் அடங்கி, கொக்கோவும் ஈரத்தோலும் கலந்தாற்போல முதிர்ந்துவிட்ட இலையின் வாசனை. கண்ணாடி இடுக்கு வழியாக நூல்போல உள்ளே வந்து அவள் மூக்கைத் தொட்டது.

அவள் இன்ஜினை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மாதமாக அவளுக்கு எந்த வாசனையும் வந்ததில்லை.

போன வருஷம் வந்த காய்ச்சலோடு மூக்கு செத்துப்போயிருந்தது. பெர்மாஸ் ஜெயாவில் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் சாம்பார் மணக்கவில்லையே என்று வருத்தப்பட்டுவிட்டுக் காலத்தை ஓட்டலாம். பிரவீனாவுக்கு மூக்குதான் பிழைப்பு. ஜொகூர் பாருவில் ஒரு சிகார் கடையில், எந்தச் சுருட்டுக்கு எந்த ரம் சேரும், எந்த விஸ்கி சேரும் என்று முகர்ந்து பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. அதற்காகவே சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள் இருந்தார்கள். பழைய நோட்டுப்புத்தகத்தையும் இலையின் நிறத்தையும் வாடிக்கையாளர் முகத்தையும் பார்த்தே இத்தனை மாதத்தைச் சமாளித்திருந்தாள். போன மாதம் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். கார்க் பூஞ்சை பிடித்து நாறிப்போன விஸ்கியை முகர்ந்துவிட்டு, "அருமையா இருக்கு சார்" என்று ஒருவருக்கு ஊற்றிக்கொடுத்தாள். முதலாளி லோகேஸ்வரன் அவளை வெகுநேரம் பார்த்தார். "சளியா பிரவீனா?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று அவர்தான் அனுப்பினார். "சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு வீடு. ஹஸ்பண்ட் செத்து நாப்பது நாளாச்சாம். சுருட்டு, பாட்டில் எல்லாத்தையும் கொடுத்துடறேன்னு அந்தம்மா சொல்றாங்க. நீயே போய்ப் பாரு லா. தேறுமான்னு மோந்து பாத்துட்டு வா." அந்த 'மோந்து பாத்துட்டு'வில் ஓர் அழுத்தம் இருந்தது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இப்போது வாசனை வந்துவிட்டது. கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

காரை விட்டு இறங்கினாள். பிற்பகல் மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஆனாலும் வானம் கறுத்துக்கிடந்தது. வேலிவரை வந்து நின்ற எண்ணெய்ப்பனைகளின் மட்டைகளில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூக்கு திரும்பிவிட்ட சந்தோஷத்தில் அவள் ஆழமாக மூச்சை இழுத்தாள். ஈர மண் மணக்கவில்லை. காலடியில் நசுங்கிய புல் மணக்கவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எவரும் மூக்கைப் பொத்தும் எண்ணெய் ஆலை நாற்றம்கூட இல்லை.

சுருட்டு மட்டும் மணத்தது.

வீட்டைப் பார்த்தாள். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. யாரும் எங்கேயும் புகைக்கவில்லை.

கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். செல்லப்பாக்கியம் என்று லோகேஸ்வரன் பெயர் சொல்லியிருந்தார். மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை. நெற்றியில் அகலமான குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலி. நாற்பது நாளைக்கு முன் புருஷனை இழந்தவள் என்று சொன்னால் நம்ப முடியாது.

"வாங்கோ பிள்ளை. உள்ளுக்கு வாங்கோ. கதவைக் கெதியாச் சாத்தோணும்." சிலோன்காரர் பேச்சு, இத்தனை காலம் இந்த ஊரிலிருந்தும் மாறவில்லை.

பிரவீனா படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. அம்மாள் குனிந்து, சுருட்டி வைத்திருந்த பழைய சேலை ஒன்றைக் கதவின் அடியிடுக்கில் திணித்தாள். ஜன்னல் இடுக்குகளிலும் துணி இருந்தது. கூடத்து மின்விசிறியின் இறக்கைகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"புழுக்கமா இருக்கே ஆன்ட்டி. ஃபேன் ரிப்பேரா?"

"காத்துப் பட்டால் கலைஞ்சிடும் பிள்ளை."

பிரவீனா கழுத்து வியர்வையைத் துடைத்தபடி சுற்றிப் பார்த்தாள்.

சுவரில் மாலை இல்லாத படம் ஒன்று மாட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஒருவர் பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, விரலிடுக்கில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். அம்மாளின் புருஷன் ஏரம்பமூர்த்தி. ஒரு காலத்தில் சாஆ ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்கராக இருந்தவராம். பிரவீனாவின் அப்பா சாஆவில்தான் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டினார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்கள் மழையில் வரிசையாக நிற்க, மேலே ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டே பேர் கூப்பிடும் ஒரு கிராணியைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். சுருட்டு முடிகிறவரை யாரும் அசையக்கூடாதாம். அது இவரா, வேறு யாரோ. படத்தில் அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தன, வரிசையில் யாரோ நிற்பதுபோல.

அறை கூடத்துக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்ததும் வாசனை அவள்மேல் வந்து மோதியது. கெட்டியாக, கதகதப்பாக, ஆள்போல. எதிரெதிரே இரண்டு தோல் நாற்காலிகள், நடுவில் சின்ன மேஜை, சுவரோரம் ஆளுயரத் தேவதாரு அலமாரி. பிரவீனா வேலையில் இறங்கினாள். ஈரமானியைப் பார்த்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நல்ல சரக்கு. ஒவ்வொரு சுருட்டாக மூக்கருகே கொண்டுபோனாள்.

ஒன்றும் மணக்கவில்லை.

இன்னொரு பெட்டி. இன்னொன்று. வெற்றுக் காகிதத்தை முகர்வதுபோல. ஆனால் அறையில் அந்த வாசனை அப்படியே நின்றது. இந்தப் பெட்டிகளிலிருந்து அது வரவில்லை.

"அதுகளை எல்லாம் கொண்டுபோங்கோ" என்றாள் அம்மாள். "இதுக்கு மட்டும் எது சேரும் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. அதுக்குத்தான் கூப்பிட்டனான்."

மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். சுற்றிய காகிதப்பட்டை எதுவும் இல்லாத, ஏறக்குறைய கறுப்பாகவே இருந்த சுருட்டுகள். பிரவீனா ஒன்றை எடுத்தாள். குனிந்து முகரவே வேண்டியிருக்கவில்லை.

"அவர் கடைசியாக் கேட்டது. பத்தவைக்க முதல் போயிட்டார்." அம்மாள் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்தாள். "எதோட குடிச்சால் நல்லா இருக்கும்?"

தொழில் என்று வந்ததும் பிரவீனாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. புகைவாசம் அடிக்கும் விஸ்கியைத் தள்ளி வைத்தாள். ஏற்கெனவே கறுத்த இலை, அதன்மேல் இன்னொரு புகை வேண்டாம். பிராந்தி இந்தக் கனத்தைத் தாங்காது. பழைய ரம்மைத் தொட்டாள். "இது சேரும் ஆன்ட்டி. வெல்லப்பாகு இனிப்பு இருக்கும். இலையோட கசப்பை அணைச்சுக்கும்."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "அதேதான். அவரும் அதைத்தான் சொல்லுவார். பத்தவையுங்கோ."

"நான் காரை ஓட்டணும் ஆன்ட்டி..."

"ஒரு வாய்."

நுனியை வெட்டி, அடியை நெருப்பில் காட்டி மெல்லத் திருப்பினாள். சிவந்தது. இழுத்தாள். வாய் நிறைய, பதினோரு மாதம் கழித்து, ருசி. மிளகு. வறுத்த காப்பிக்கொட்டை. கருப்பட்டி. கண்ணை மூடிக்கொண்டாள். சுருட்டுப் புகையை யாரும் விழுங்குவதில்லை, வாயில் வைத்திருந்து விட்டுவிடுவதுதான் முறை. உதட்டைக் குவித்து ஊதினாள்.

கண்ணைத் திறந்தாள். எதிரே புகை இல்லை.

சரியாக இழுக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி இழுத்தாள். நெருப்பு நன்றாகக் கனிந்தது, சாம்பல் ஓர் இழை நீண்டது, வாய்க்குள் சூடு உருண்டது. ஊதினாள். வெறும் மூச்சு வந்தது. மூக்கு வழியாக விட்டுப் பார்த்தாள். வெறும் மூச்சு.

"ரம் குடியுங்கோ" என்றாள் அம்மாள். எப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

குடித்தாள். இனிப்பு இறங்கியது. அதற்குப் பின்னால் வேறொரு வாசனை எழுந்தது. தலைக்குத் தடவும் எண்ணெய். ஆண்கள் தடவும் பழைய காலத்து எண்ணெய். அவள் நிறுத்தத்தான் நினைத்தாள். கை சுருட்டை உதட்டுக்குக் கொண்டுபோனது. மூன்றாவது இழுப்பில் வியர்வை ஊறிய சட்டைக் காலர். நான்காவதில் டெட்டால், மாத்திரை, நாள்பட்ட படுக்கை விரிப்பு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கிட்டத்தில். வெளியே இருந்து வரவில்லை. அவள் நெஞ்சுக்குள்ளிருந்து மேலேறி வந்தது.

"உங்களுக்கு முன்னம் நாலு பேர் வந்தவை" அம்மாள் அமைதியாகச் சொன்னாள். "பூஞ்சை நாறுது எண்டாங்கள், மழை மணக்குது எண்டாங்கள். ஒருத்தருக்கும் இவர் மணக்கேல்ல. நீங்கள் கேட்டடியிலேயே மூக்கைத் தூக்கினதை ஜன்னலால பாத்தன்."

"ஆன்ட்டி, எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நான் கெளம்பறேன்."

ஐந்தாவது இழுப்பு. அவள் இழுக்கவில்லை. வாய் இழுத்தது.

கற்பூரம். பன்னீர். புதுப் பஞ்சு.

அம்மாள் முன்னால் சாய்ந்து அவள் முழங்கால்மேல் கை வைத்தாள். பொட்டு வியர்வையில் இளகியிருந்தது. பிரவீனாவின் கண்ணை நேராகப் பார்த்து, இதுவரை பேசாத ஒரு குரலில், புருஷனைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ."

"ம்ம்" என்றது பிரவீனாவின் தொண்டை.

கரகரப்பான, கனத்த 'ம்ம்'.

அவள் சுருட்டைத் தூக்கி எறிந்தாள். எழுந்தாள். நாற்காலி சரிந்தது. கூடம். படம். கதவடியில் சேலை சிக்கியது, இழுத்தாள், கிழிந்தது. கதவு திறந்தது. மழை. அம்மாள் தடுக்கவில்லை. பின்னாலேயே ஓடிவரவும் இல்லை. செருப்பைத் தேட நேரமில்லை. வெறுங்காலோடு சேற்றில் ஓடிக் காருக்குள் விழுந்தாள். கதவை அடித்துச் சாத்தினாள். பூட்டினாள்.

மழை கூரையில் கொட்டியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஒன்றுமில்லை. ரம். வெறும் வயிறு. புழுக்கம். ஸ்டார்ட் பண்ணு. பிரேக்கை மிதி. பட்டனை அழுத்து. போ.

பிரேக்கை மிதிக்கப் போனாள்.

கால் போகவில்லை.

மறுபடி. வலது காலைத் தூக்கினால் இடது காலும் கூடவே வந்தது. இரண்டும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தன.

குனிந்து பார்த்தாள்.

அவளுடைய கால்கள்தான். சேறு அப்பிய, போன வாரம் அவளே சிவப்புச் சாயம் பூசிய நகங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக்கிழிசல் ஒன்று கட்டியிருந்தது. பிணத்துக்குக் கட்டுவதுபோல. பழைய முடிச்சு. அதன்மேல் திருநீறு, நனையாமல்.

கத்தினாள். வாயிலிருந்து இருமல் வந்தது. ஒரு கிழவரின் நீளமான, சளி கட்டிய இருமல்.

கறுப்புக் குடை ஒன்று மழைக்குள் மெதுவாக நடந்து வந்தது. கார்க் கதவருகே நின்றது. டக் என்று பூட்டு திறந்தது. திறந்தது அவளுடைய கை. வலது கை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்துவிட்டுத் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.

செல்லப்பாக்கியம் குடையைக் கீழே வைத்தாள். பட்டுச்சேலையோடு சேற்றில் முழங்காலிட்டு அந்தப் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நகத்தால் முடிச்சை நெருடினாள்.

"இறுகிப்போச்சு" என்றாள், நாணப்பட்டாற்போல. "நான்தானே கட்டினது. அழுதழுது கட்டினது."

முடிச்சு அவிழ்ந்தது.

"மெல்ல இறங்குங்கோ. சறுக்கும்."

வலது கால் இறங்கியது. சேற்றை அழுத்திப் பார்த்தது. பிறகு இடது கால். அவசரமே இல்லாமல். இடுப்பு அவற்றின் பின்னால் இருக்கையிலிருந்து இழுபட்டது. முதுகு இழுபட்டது. பிரவீனாவுக்கு மிச்சமிருந்தவை கைகள் மட்டும்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்முட்டிகள் வெளுக்கப் பிடித்திருந்தாள்.

அம்மாள் எழுந்து குடையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கின.