பந்தின் மேல் ஒரு பென்சில்

மழை வலுத்த அந்தப் பிற்பகலில், இயற்பியல் துறைக்குப் புதிதாக வந்த ஆசிரியன் கல்லூரி நூலகத்தில் இருப்பதிலேயே தடியான ஜியோமெட்ரி புத்தகத்தை உருவினான்.

"அதை எடுக்காதீங்க சார்."

திரும்பினான். ஜன்னலோரம் கணிதத் துறைக்காரி. நெற்றியில் ஒட்டிய ஈர முடி... அதன் கீழே சண்டைக்குத் தயாராக இரண்டு கண்கள்.

"ஏன் மேடம், உங்க சொந்தப் புத்தகமா?"

"ரிலேட்டிவிட்டி படிக்க ஆசைப்படுற பிசிக்ஸ் பசங்களுக்குத்தானே? இதுல பாதி வரைக்கும் வெறும் வரையறைதான். வளைவுன்னா என்னன்னு தெரியறதுக்குள்ள ஓடிடுவாங்க." ஒல்லியான புத்தகம் ஒன்றை நீட்டினாள். "முதல்ல இது. தொட்டுப் பாக்கக்கூடிய பரப்புகள். அப்புறம் காலவெளிக்குப் போங்க."

அவள் கைப்பையிலிருந்து ஒரு பந்து வந்தது! உச்சியில் பென்சிலைப் படுக்க வைத்தாள். முனை ஜன்னலைப் பார்த்தது. அப்படியே கீழே இறக்கி, பந்தின் இடுப்போடு கால் சுற்று நகர்த்தி, மறுபடி உச்சிக்கு ஏற்றினாள். முனை இப்போது அலமாரியைப் பார்த்தது.

"நான் எங்கயும் திருப்பல. ஆனா திரும்பியிருக்கு. இதுதான் சார் வளைவு."

அவன் பார்த்தது அவள் விரல்களை... இன்னும் கொஞ்சம் நின்றால் தோற்றுவிடுவோமோ?

"எங்க பசங்களுக்குப் பந்து விளையாட்டெல்லாம் வேண்டாம் மேடம்."

தடிப் புத்தகத்தோடு மழையிலேயே இறங்கிப் போனான்.

அவள் சொன்னதுதான் நடந்தது. நிறைந்திருந்த வகுப்பு ஐந்து பேராகச் சுருங்கியது. இன்னும் ஒருவர் விலகினாலும் பாடத்தையே நிறுத்திவிடுவோம் என்றார் துறைத்தலைவர். அந்தப் பாடத்துக்காகத்தான் அவன் இந்த வேலைக்கே வந்திருந்தான்.

வீம்பை வாசலில் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனான். ஒல்லிப் புத்தகம் இருந்த இடம் காலி.

"தேடாதீங்க. என்கிட்டதான் இருக்கு," பின்னாலிருந்து குரல். "வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு... புதுப்பிச்சுப் புதுப்பிச்சு வெச்சிருக்கேன்."

"எனக்காகவா?"

"பசங்களுக்காக." காது மட்டும் சிவந்தது.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன் மேடம். சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவர்கள் இருவரும் சேர்ந்தே அந்த வகுப்பை எடுத்தார்கள். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், நண்பர்களையும் கூட்டிக்கொண்டு. பருவத்தின் கடைசி வகுப்பு முடிந்து அறை காலியானபோது, வெளியே மறுபடி மழை.

"அந்தப் பந்தைக் குடுங்களேன்."

பென்சில் முனையைக் கதவுப் பக்கம் வைத்தான். இறக்கினான், நகர்த்தினான், ஏற்றினான்.

"நானும் இப்படித்தாங்க... யார் பக்கமும் திரும்பாம நேராத்தான் போயிட்டிருந்தேன். வந்து நின்னு பாத்தா..."

முனை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பென்சிலைத் தொடாமல், அவன் கையைப் பிடித்தாள்.

"எனக்கு இந்த விடை அன்னிக்கே வந்துடுச்சு. நீங்க போட்டு முடிக்கட்டும்னுதான்... காத்துட்டிருந்தேன்."