கேட்டதைச் சொல்பவர்கள்

அடுக்களையில் போனி இருமினான். நீளமாக ஒரு முறை, குட்டையாக இரண்டு முறை, கடைசியில் தொண்டையைச் செருமும் அந்தக் கரகரப்பு. கல்யாணமாகி ஆறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் கேட்டுப் பழகிய இருமல். தொட்டிலருகே உட்கார்ந்து குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த ரோஃபினா தலையைத் திருப்பாமலே, "காப்பி ஃபிளாஸ்க்ல இருக்கு" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. போனி விடியற்காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு ரூத்தெங் டவுனுக்குப் போயிருந்தான்.

சாயங்காலம் மணி நாலுகூட ஆகவில்லை. ஆனாலும் ஜனவரி மாதத்துப் பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கி, ஜன்னலுக்கு வெளியே இருந்த ஆரஞ்சு மரத்தைப் பாதி விழுங்கியிருந்தது. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுச் சொட்டியது. மழைக்குப் பயந்து முன்னறையில் கொட்டி வைத்திருந்த காப்பிக்கொட்டை ஈரத்தில் புளித்து வாடை வீசியது. பள்ளிக்கூட வாத்தியாரின் அடக்கத்துக்கு ஊரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. சில்விக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்பதால் ரோஃபினா மட்டும் போகவில்லை. மருந்து வாங்கத்தான் போனி டவுனுக்குப் போயிருந்தான்.

எழுந்து போய்ப் பார்த்தாள். அடுக்களையில் யாருமில்லை. பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அடுப்படியில் சிந்திக் கிடந்த சாம்பலில் ஒரு காலடி பதிந்திருந்தது. குழந்தையின் காலைவிட நீளம், பெரியவர் காலைவிட ஒடுக்கம், விரல்கள் மட்டும் ஏதோ பிடிமானத்தைத் தேடுவதுபோல் நீண்டு விரிந்திருந்தன.

அது யாருடைய தடம் என்று அந்த மலையில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற தேசங்களில் மண்ணுக்கடியில் எலும்பாகிப்போன பழைய மனித இனம், இந்தத் தீவின் சுண்ணாம்புக் குகைகளில் மட்டும் உயிரோடு மிஞ்சியிருந்தது. ஊரில் அவர்களுக்கு மேட்டாட்கள் என்று பெயர். இடுப்பு உயரம்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று ஒரு காலத்தில் பாதிரிமார்கள் சண்டை போட்டார்கள். பிறகு வந்த சர்க்கார் மலையிடுப்பில் வரிசையாக வெள்ளைக் கல் நட்டு, மேலே அவர்கள், கீழே நீங்கள் என்று சொல்லிவிட்டது. அறுவடை முடிந்ததும் கல்லருகே உப்பு வைத்தால், மறுநாள் அந்த இடத்தில் தேனடை இருக்கும். அவ்வளவுதான் கொடுக்கல் வாங்கல். அவர்களுக்குச் சொந்தப் பேச்சு உண்டா என்று யாருக்கும் தெரியாது. காதில் விழுந்ததை விழுந்தபடி, சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்வார்கள். ஒரு சொல் கூட்டமாட்டார்கள், ஒரு சொல் குறைக்கமாட்டார்கள். சின்ன வயதில் கீரை பறிக்கப் போன ரோஃபினா கல்லருகே நின்று "யாரது?" என்று கேட்டு, புதருக்குள்ளிருந்து தன் குரலே "யாரது?" என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

ஆனால் அவர்கள் கல்லைத் தாண்டிக் கீழே வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பின்கதவை அடைத்து, தாழ் போட்டு, உலக்கையை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனிக்குப் போன் போட்டாள். நாலாவது முறைதான் கிடைத்தது. பைக்கை நிறுத்தி எடுத்திருப்பான் போல, பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. அடுக்களையில் உன் இருமல் கேட்டது என்று சொன்னாள். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "எத்தன?" என்றான்.

"எத்தனன்னா? நான் எதையும் பாக்கலயே."

"முன்னறையிலயே இரு. பாப்பாவ மடியிலயே வெச்சுக்க. வந்துட்டேன்."

போன் அறுந்தது. எத்தனை என்று கேட்டானே தவிர, யார் என்று கேட்கவில்லை.

தொட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கொல்லையில் பன்றி ஒரு முறை உறுமி, சட்டென்று அடங்கியது. ஈரமான இலைகளின் மேல் ஏதோ நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. பலகைச் சுவரின் இடுக்குகளில் வந்துகொண்டிருந்த சாம்பல் வெளிச்சம் கீழ்ப்பாதியில் மட்டும், இடுப்பு உயரத்தில் மட்டும், ஒவ்வொன்றாக அணைந்தது. கரியும் ஈர மயிரும் கலந்த ஒரு வாடை உள்ளே வந்தது. அதன் அடியில் இன்னொரு வாடை இருந்தது. கெட்டுப்போன இறைச்சியின் வாடை.

சில்வி சிணுங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் சில்வி சிணுங்கினாள். கூடவே கொல்லைப் பக்கமும், வாசல் பக்கமும்.

ரோஃபினா குழந்தையை அள்ளி மார்போடு அழுத்தி வாயைப் பொத்தினாள். காய்ச்சல் மூச்சு உள்ளங்கையைச் சுட்டது.

அப்போது போனி பேசினான். சுவரை ஒட்டி, தாழ்வாக, மூச்சு வாங்கியபடி.

"தள்ளு, தள்ளு. நாரு பத்தல. இன்னும் போடு."

இன்னொரு குரல் வந்தது. பக்கத்து வீட்டுக் காஸ்பர். "டேய், உள்ள சின்னதுங்க கெடக்குடா."

"கெடக்கட்டும். போடு."

பிறகு இருமல். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. புகையில் இருமும் இருமல்.

அதோடு நிற்கவில்லை. அதற்குப் பின்னால் கேட்டது எந்த மனிதர் குரலும் இல்லை. பல தொண்டைகளின் அலறல். மெல்லிய, மிகச் சின்னத் தொண்டைகளின் அலறல். ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சி, அதுவும் நின்றது. நின்றதும் மறுபடி முதலிலிருந்து. "தள்ளு, தள்ளு. நாரு பத்தல."

மூன்று வாரத்துக்கு முன் காஸ்பரின் மகள் காணாமல் போனாள். மேட்டாட்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அன்று மாலை ஒன்பது ஆண்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு என்று மலையேறினார்கள். வேட்டைக்கு எதற்குக் கட்டுக்கட்டாகக் காய்ந்த பனைநார் என்று ரோஃபினா கேட்டாள். போனி கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். திரும்பி வந்ததும் சட்டையைத் தானே குழாயடியில் துவைத்தான், இரண்டு முறை. மறுநாள் அந்தப் பெண்குழந்தை ஆற்றில் பாறைச் சந்தில் கிடைத்தாள். வழுக்கி விழுந்திருக்கிறாள். அதன் பிறகு வேட்டையைப் பற்றி ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ரோஃபினாவும் திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாததுபோல் சமைத்தாள், துவைத்தாள், அவனருகில் படுத்தாள்.

வெளியே எல்லாம் அடங்கியது.

தூரத்தில் பைக் சத்தம். மேடேறி வந்தது. விளக்கு வெளிச்சம் பலகை இடுக்குகள் வழியே அறைக்குள் கோடுகோடாக ஓடியது. ஏதோ மோதியது. பைக் சரிந்து விழுந்தது, எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஓடிவரும் காலடி. கதவில் இரண்டு கைகளும் அறைந்தன.

"ரோஃபி. கதவத் தொற."

அவள் அசையவில்லை. அவர்களாகத்தான் இருக்கும்.

"ரோஃபி, நான்தான். சில்விக்கு மருந்து வாங்கிட்டு வந்திருக்கேன். தொற."

மருந்து. குகை வாசலில் இந்தச் சொல்லை யார் சொல்லியிருப்பார்கள்? இதை அவர்கள் எங்கே கேட்டிருக்க முடியும்? பைக் வெளிச்சத்தைத் திருப்பிச் சொல்ல எந்த வாயாலும் முடியாது. அவன்தான்.

குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு எழுந்தாள். கால் காப்பிக்கொட்டைக் குவியலில் புதைந்து சறுக்கியது. தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவிடுக்கில் கண் வைத்தாள். போனியின் தோள் தெரிந்தது, நனைந்த சட்டை, காதோரம் வழியும் ரத்தம். அவனுக்குப் பின்னால், விழுந்து கிடந்த பைக்கின் வெளிச்சத்தில், அவர்கள் நின்றார்கள். முற்றம் முழுக்க. அசையாமல். முன்வரிசையில் நின்றவர்களின் கைகளில் கருகிய சின்ன மூட்டைகள் இருந்தன. ஒரு மூட்டையிலிருந்து ஒரு கால் தொங்கியது.

அவர்கள் போனியைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போனி," என்றாள். "குகைக்குள்ள கொழந்தைங்க இருக்குன்னு தெரிஞ்சுதான் போட்டியா?"

மழை சொட்டியது. எஞ்சின் உறுமியது. கதவுக்கு வெளியே அவன் மூச்சு வாங்கினான். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு.

"மொதல்ல கதவத் தொற."

தாழ்ப்பாள் குளிர்ந்திருந்தது. ஒரு விரலால் தூக்கினால் போதும். பின்னால் சில்வி இருந்தாள். சில்வியை நினைத்தா, அந்த இரண்டு மூச்சை நினைத்தா, எதை நினைத்து அவள் கை நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. கை நின்றது.

அவன் புரிந்துகொண்டான். கதவை அறைவதை நிறுத்தினான். "ரோஃபி," என்றான் மெதுவாக. அது அவள் பெயராக இருந்தது. அடுத்தது பெயராக இல்லை.

நீண்ட நேரம் ஆகவில்லை.

எஞ்சின் நின்றது. விளக்கு மங்கி அணைந்தது. கதவின் அடியில் ஏதோ இழுபட்டு, படியிறங்கி, ஈர மண்ணில் இழுபட்டுப் போனது. ரோஃபினா கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். போய்விடுவார்கள். முடிந்தது. போய்விடுவார்கள்.

கொல்லைப் பக்கம் ஒருவர் போனியின் அலறலை அலறிப் பார்த்தார். குட்டையாக வந்தது. சரியில்லை. வாசல் பக்கம் இன்னொருவர். கொஞ்சம் நெருங்கியது. அடுத்து ஒருவர், அடுத்து ஒருவர். பொறுமையாக. அவசரமில்லாமல். சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தது அந்த அலறல், ஒவ்வொரு வாயிலும் இன்னும் சரியாக, இன்னும் முழுசாக. அது தேறியதும் அதை விட்டார்கள். அடுத்ததை எடுத்தார்கள்.

"சில்விக்கு மருந்து வாங்கிட்டு வந்திருக்கேன்."

தடுமாறியது. மறுபடி.

"சில்விக்கு மருந்து வாங்கிட்டு வந்திருக்கேன்."

இந்த முறை ஒரு குறையும் இல்லை. களைப்பு, பாசம், அந்தக் கரகரப்பு, எல்லாம் இருந்தது. கதவின் மறுபக்கம், அவள் முதுகுக்கு நேராக, ஒரு பலகை கனத்துக்கு அப்பால்.

தொட்டில் ஆடியது. காய்ச்சலில் சிவந்த முகத்தோடு சில்வி விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது. கதவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அப்பா," என்றாள்.

வெளியே எல்லாக் குரலும் நின்றது.

பிறகு ஒன்று, மிகச் சின்னது, கதவின் அடி இடுக்கில் வாய் வைத்து, சில்வியின் குரலில் சொல்லிப் பார்த்தது.

"அப்பா."

அப்புறம் வாசல் முழுக்க.