டிபன் பையில் அடித்த போன்

போன் அடித்தது.

நின்றது. மறுபடி அடித்தது.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் இருந்த அந்த செல்போன் கடையில் அலமாரி நிறையப் போன்கள். எடுக்கத்தான் ஆளில்லை.

கடைக்காரர் தாமோதரன் கவுன்ட்டருக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. அவரே மாட்டிய எட்டு கேமராக்களும் கண் கொட்டாமல் விழித்துக்கொண்டிருந்தன.

அவை பார்த்ததைச் சேமித்து வைக்கும் பெட்டியை மட்டும் காணோம்...

மதியம் பூக்கடை பாக்கியவதி போட்ட அலறலில் பஜாரே கூடியது. சற்று நேரத்தில் குற்றவாளியும் பிடிபட்டான்.

பிடித்தது போலீஸ் அல்ல. தெருமுனையில் புதிதாக வந்திருந்த, முகம் பார்த்துப் பெயர் சொல்லும் கேமரா.

"மெஷினு சொல்லுதும்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ஏசுபாதம். "காலையில கடை வாசல்ல நின்னுகினு இருந்த மங்கி கேப்பு ஆளு, எண்பது பர்சென்ட்டு உன் புருஷன் நரேஷாம்."

எதிரே நின்ற ஸ்வாதிக்கு மூச்சு வாங்கியது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலையில் இருந்தவள், செய்தி கேட்டுப் போட்டது போட்டபடி பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"மீதி இருபது பர்சென்ட்டு யாரு சார்?"

"அத்த மெஷினு சொல்லல."

"போன மாசம் இதே மெஷினுதானே, கவுன்சிலரு கட்-அவுட்டு ஹெல்மெட் போடலன்னு ஃபைன் போட்டுச்சு?"

மூலையில் ஏட்டு இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். ஏசுபாதம் சிரிக்கவில்லை.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் லுங்கியோடு நரேஷ். நைட் ஷிப்ட் முடிந்து ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் தூங்கியவனை அப்படியே எழுப்பி வந்திருந்தார்கள்.

"அவரு வீட்லதான் சார் இருந்தாரு. போன செக் பண்ணுங்க, ஊரிகத்த விட்டு நகரல."

"போன் வீட்ல இருந்தா ஆளும் வீட்ல இருந்தான்னு அர்த்தமா? ஒரு வயசு கொழந்த கூட நம்பாதும்மா."

மேலும், கொலைக்குக் காரணம் வேறு தயாராக இருந்தது. முந்தின நாள் நரேஷ் பஜார் நடுவில் தாமோதரனிடம் சண்டை போட்டிருந்தான். அவர் கடையில் வாங்கி வீட்டில் மாட்டிய கேமரா, ஸ்வாதி நடக்கிற பக்கமெல்லாம் தானாகத் திரும்பியது. எங்கிருந்தோ யாரோ பார்க்கிறார்கள். இந்தக் கேமராவை உன் மண்டையிலேயே உடைப்பேன் என்று அவன் கத்தியதற்குப் பஜாரே சாட்சி.

அப்போதுதான் விநாயக் உள்ளே வந்தான்.

தாமோதரனின் அக்கா மகன். ஸ்வாதியோடு தினமும் ரயிலில் ஒயிட்ஃபீல்டு போகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கடைக்காக வீடு வீடாகக் கேமரா மாட்டித் தருகிறவன். கண்கள் சிவந்திருந்தன.

"ஆபீஸ்ல இருந்து ஓடியாறேன் சார். மாமா கடைசியா என்கிட்டதான் பேசினாரு." போனை மேஜைமேல் வைத்தான். "பாருங்க, பத்து மணிக்கு. ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள கட் ஆயிடுச்சு. அப்ப நான் ஒயிட்ஃபீல்டுல..."

ஏசுபாதம் போனைப் புரட்டினார். லொகேஷன் ஒயிட்ஃபீல்டு. கம்பெனி அட்டெண்டன்ஸ் ஆப்பில் பச்சை டிக்.

"சரிதான். போன் ஒயிட்ஃபீல்டுல இருந்திருக்குது. ஆளும் ஒயிட்ஃபீல்டுல இருந்திருக்கான்."

ஸ்வாதி மேஜைமேல் இருந்த போனையே பார்த்தாள்.

அந்தப் போன் ஒயிட்ஃபீல்டில் இருந்தது உண்மை. ஆனால்... அவளுடைய டிபன் பைக்குள் இருந்தது!

மாரிகுப்பம் ரயிலில் போகிற ஐந்து பேரின் ரகசியம் அது. கம்பெனிகள் வேறு வேறு. கட்டடங்கள் பக்கத்துப் பக்கம். போன் அந்த எல்லைக்குள் நுழைந்தால் ஆப் தானாகவே வருகை போட்டுவிடும். காய்ச்சலோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமோ, வராதவர் போனை மட்டும் ஸ்டேஷனில் கொடுத்துவிடுவார். அன்றைக்கு முறை யாருடையதோ, அவர் டிபன் பையில் எல்லாப் போனும் போகும். ஆள் வீட்டில் இருந்துகொண்டே கம்ப்யூட்டரில் வேலையை முடித்துவிடுவார்.

அந்த டிபன் பைக்கு ஒரே ஒரு சட்டம்: அடுத்தவர் போன் அடித்தால் எடுக்கக்கூடாது.

இன்று ஸ்வாதியின் முறை. அமலாவின் போனும் விநாயக்கின் போனும் பைக்குள். ஒயிட்ஃபீல்டில் ஷேர் ஆட்டோவில் போகும்போது விநாயக்கின் போன் அலறியது. திரையில் 'மாமா'. அணைக்கப் போன விரல் பதற்றத்தில் பச்சையைத் தொட்டுவிட்டது. பயந்துபோய் பையின் அடியில் திணித்து ஜிப்பை இழுத்தாள். என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

சற்றுமுன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து போனை வாங்கிக்கொண்ட விநாயக்கிடம், கை பட்டு ஆன் ஆகிவிட்டது, யாரும் பேசவில்லை என்று சட்டத்துக்குப் பயந்து சொல்லியும் இருந்தாள்.

அந்த அழைப்பைத்தான் இவன் பேசியதாகச் சொல்கிறான்...

வராந்தாவுக்கு வந்தாள். பின்னாலேயே அவன்.

"எனக்கு ஜொரம்க்கா. வீட்ல படுத்துகினு இருந்தேன். அத்த சொன்னா வீணா சந்தேகப்படுவாங்க." குரலைத் தாழ்த்தினான். "பை விஷயம் வெளிய வந்துச்சுன்னா அஞ்சு பேரு வேலையும் போவும். அமலா அக்காவுக்குப் புருஷன் கூட இல்ல. யோசிங்க."

மறுபடி உள்ளே போய்விட்டான்.

ஸ்வாதி யோசித்தாள். ஒரு பக்கம் நரேஷ். மறுபக்கம் ஐந்து குடும்பங்களின் சாப்பாடு. சொன்னாலும் நிரூபிக்க என்ன இருக்கிறது? ஜுரத்தில் படுத்திருந்தேன் என்று புதிதாக ஒன்றைச் சொல்வான்.

அமலாவின் போன் இன்னும் பைக்குள்ளேயே இருந்ததால், அவள் வீட்டு இன்னொரு எண்ணுக்கு அடித்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் குக்கர் விசில் ஒன்று கேட்டது.

"சொல்லிடு," என்றாள் அமலா. "வேலை வேற தேடலாம். நரேஷ எங்கன்னு போயி தேடுவ?"

ஸ்வாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்தாள். திரையில் வழக்கமாக வந்து போகும் ஒரு வரி. யாரும் படிக்காத வரி.

'அழைப்பு பதிவு செய்யப்பட்டது.'

அப்படியே நின்றாள்.

இந்தப் போனும் தாமோதரன் விற்றதுதான். விற்கிற ஒவ்வொரு போனிலும் ரெக்கார்டிங்கைத் தானே ஆன் செய்துதான் கொடுப்பார். கேட்டால், கவர்மெண்டு கேக்கறதுக்கு முன்னாடி நீயே ஒருக்கா கேட்டுக்கம்மா என்பார்.

அக்கா மகனுக்குக் கொடுத்த போனில் மட்டும் விட்டிருப்பாரா?

உள்ளே ஓடினாள்.

"சார், இவன் பொய் சொல்றான். அந்த போன் காலையில இருந்து என் டிபன் பையில இருந்துச்சு. எடுத்தது நானு. அதுல ரெக்கார்டிங் இருக்குது, போட்டுப் பாருங்க."

விநாயக்கின் கை மேஜையை நோக்கிப் பாய்ந்தது. ஏட்டு முந்திக்கொண்டார்.

முதலில் ஆட்டோ இரைச்சல். துணி உரசும் சத்தம், ஜிப் இழுக்கும் சத்தம். பிறகு, அடைத்த மூக்கோடு, செத்துப்போன தாமோதரனின் குரல்...

"டேய் விநாயக்கு, வாசல்ல இன்னாடா பண்ற? மங்கி கேப்பு போட்டா மாமனுக்கு அடையாளம் தெரியாதா? கேமராவுல பாத்துகினுதான் இருக்கேன். நரேஷு வீட்டு கேமராவ நீதான் உன் போன்ல பாத்துகினு இருந்தன்னு நேத்தே கண்டுபிடிச்சிட்டேன். நான் போலீசுக்குப் போவத்தான் போறேன். உள்ள வந்து அழுதுட்டுப் போ."

அழைப்பு துண்டானது. அவ்வளவுதான்.

ஏட்டு போனை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு நகர்ந்தார்.

விநாயக் வாசலைப் பார்த்தான். வாசலில் ஏட்டு.

"பெட்டி எங்கடா?" என்றார் ஏசுபாதம்.

"சுரங்கத்து மண்ணு கொட்டின சயனைடு மேட்டுல... பொதைச்சிட்டேன் சார்."

லாக்கப் திறந்தது. விநாயக் உள்ளே போக, நரேஷ் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"சார், முழுசா வரட்டா? இல்ல, மெஷினு சொன்ன எண்பது பர்சென்ட்டு இங்கயே இருக்கணுமா?"

"ஒழுங்கா வெளிய வாய்யா."

ஸ்வாதி நகரவில்லை. ஐந்து பேரின் வேலை இன்னும் அந்த மேஜைமேல் கிடந்தது. கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டி வரும் என்றார் ஏசுபாதம். ஒரு போன் ஒரு பையில் இருந்தது என்று சொன்னால் போதும்; மற்ற போன்களைப் பற்றிக் கேட்க ஆளில்லை; தன் வேலை கொலைகாரனைப் பிடிப்பது, கம்பெனிக்கு வருகைப்பதிவு எடுப்பதல்ல என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம்மா..."

அவள் நின்றாள். ஏசுபாதம் ஏட்டு கவனிக்கிறாரா என்று பார்த்துவிட்டு, தன் போனை எடுத்து மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்களுக்கும் ரோந்துக்கு ஒரு ஆப் விட்டுக்கிறாங்க, போன் நகந்தா போதும். நாளைக்கு பை யாரு முறை?"