டாக்டர் நெஞ்சளந்தானின் குரல்

சனிக்கிழமை காலை என்றால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிள்ளையும் கீழே விளையாட வராது. எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் குந்திவிடுவார்கள். 'சூறாவளி அக்கா' கார்ட்டூன் அப்போதுதான் வரும்.

சூறாவளி அக்காவுக்குப் பறக்கத் தெரியும். பேருந்தை ஒற்றைக் கையால் தூக்கத் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுவது அவளைப் பற்றி இல்லை, அவளுடைய எதிரியைப் பற்றித்தான்.

அவன் பெயர் டாக்டர் நெஞ்சளந்தான். மனநல மருத்துவன். மகா கெட்டிக்காரன். அடிக்க மாட்டான், உதைக்க மாட்டான், குரலைக்கூட உயர்த்த மாட்டான். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வான். "எதைக் கண்டா உனக்குப் பயம்? என்கிட்ட மட்டும் சொல்லு கண்ணு" என்று தேனொழுகக் கேட்பான். யாராவது வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. அந்தப் பயத்தை வைத்தே அவர்களைப் பொம்மை மாதிரி ஆட்டிவைப்பான்.

மூன்றாவது மாடியில் இருந்த சிட்டுவுக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரியும். அந்தத் தேன் குரல் அவளுடைய அப்பாவின் குரல். அவர் டப்பிங் கலைஞர். ஆனால் சிட்டு அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நாளை முதல் பள்ளியில் 'வில்லன் பொண்ணு' என்று கூப்பிடுவார்களே.

முதல் மாடியில் இருந்தவள் பஞ்சு. சுருண்டு சுருண்டு எழும்பி நிற்கும் முடியால் அவளுக்கு அந்தப் பெயர். சிட்டுவும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

கொஞ்ச நாளுக்கு முன் பஞ்சு ஒரு கடையின் லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டாள். மின்சாரம் போய்விட்டது. கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து கதவு மூடினாலே அவளுக்கு மூச்சு முட்டியது. குளிக்கப் போனால்கூட அம்மா வாசலில் காவல் நிற்க வேண்டும். இரவில் சரியான தூக்கம் இல்லை. பஞ்சுவின் அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்தார்.

"நான் போக மாட்டேன்," என்றாள் பஞ்சு. இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்? ஊசி போடுவாங்கன்னா?"

"ஊசி போட்டாக்கூடப் பரவாயில்ல. எதுக்குப் பயப்படறேன்னு கேப்பாங்களாம். அம்மா சொன்னாங்க. நான் சொல்லிட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"நெஞ்சளந்தான் பண்ணினதை நீ பாக்கலையா? பூனைன்னா பயம்னு சொன்ன பாவத்துக்கு அந்தப் போலீஸ்காரரை என்ன பாடு படுத்தினான். அறை முழுக்கப் பூனையை விட்டானே."

போலீஸ்காரரிடம் பேசும் அந்த வசனத்தை அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பழகியது சிட்டுவுக்கு நினைவுக்கு வந்தது. "இன்னும் கொஞ்சம் இனிமையா கேளுங்கப்பா, அப்பத்தான் பயமா இருக்கும்" என்று யோசனை சொன்னதே அவள்தான்.

வில்லன் பொண்ணு என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று தோன்றியது.

"பஞ்சு, நெஞ்சளந்தான்னு ஒருத்தனும் கிடையாது. அந்தக் குரல் எங்க அப்பாவோடது."

பஞ்சு அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து இரண்டு படி கீழே இறங்கினாள்.

"உங்க அப்பாவா? இத்தனை நாளா என்கிட்ட சொல்லவே இல்ல?"

சிட்டு எழுந்து வருவதற்குள் பஞ்சு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் வகுப்பில் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலை சிட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பா வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாவம் அந்தப் பொண்ணு. நான் வேணா போய்ப் பேசட்டுமா?"

"நீங்க பேசினா காரியமே கெட்டுதுப்பா. உங்க குரல்தானே பிரச்சினை."

"அதுவும் சரிதான்."

"நாளைக்கு உங்களுக்கு ரெக்கார்டிங் இருக்கில்ல? அவளைக் கூட்டிட்டு வரட்டுமா? நெஞ்சளந்தானை எப்படிச் செய்யறாங்கன்னு அவளே பாக்கட்டும்."

"வருவாளா?"

அது சிட்டுவுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் பஞ்சுவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். பஞ்சு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கார்ட்டூன் எப்படித் தயாராகிறது என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"அங்க கதவை மூடுவாங்களா?"

"அப்பா நிக்கற அறையை மூடுவாங்க. நீ வெளியே இருந்து கண்ணாடி வழியா பாக்கலாம். உன் பக்கத்துக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்றேன்."

சொன்னபடியே செய்தாள். ஒலிப்பதிவு செய்பவர் குளிரூட்டியையும் திறந்த கதவையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனாலும் மறுப்புச் சொல்லாமல், தன் நாற்காலியையே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வேலை பார்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். காலில் செருப்பு இல்லை. கடிகாரத்தைக் கழற்றிவிட்டார். சரசரவென்று சத்தம் வரக் கூடாது என்பதற்காகத் துவைத்துத் துவைத்து நைந்துபோன சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்.

"எதைக் கண்டா உனக்குப் பயம்? என்கிட்ட மட்டும்..."

கர்ர்ர் என்று ஒரு சத்தம்.

"சார், வயிறு பேசுது," என்றார் ஒலிப்பதிவு செய்பவர். "டாக்டர் ஏதாவது சாப்பிட்டு வரட்டும்."

பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த தடவை வில்லன் சிரிப்பு சிரிக்கும்போது அப்பாவுக்கு விக்கல் வந்துவிட்டது. "ஹா ஹா... விக்... ஹா." இந்தத் தடவை பஞ்சுவால் அடக்க முடியவில்லை. சிட்டுவின் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

இடைவேளையில் அப்பா வெளியே வந்தார். பஞ்சு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"மாமா, அவன் ஏன் எப்பவும் 'என்கிட்ட மட்டும் சொல்லு'ன்னு கேக்கறான்?"

"பக்கத்துல இன்னொருத்தர் இருந்தா அவன் தந்திரம் பலிக்காதும்மா. அம்மா இருந்தா 'என்ன சார் இது'ன்னு கேட்டுடுவாங்க இல்ல? அதனால எப்பவும் ஆளைத் தனியாத்தான் பிடிப்பான்."

சிட்டு அதைக் காதில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் யோசனையாகவே வந்தாள்.

"பஞ்சு, ஒன்னு செய்யலாமா? அந்த டாக்டர் உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடி நீ அவங்களைக் கேளு. அம்மா கூட இருக்கலாமான்னு கேளு. கதவைத் திறந்து வைக்கலாமான்னு கேளு. முடியாதுன்னு சொன்னா எழுந்து வந்துடு."

"நான் கேக்கறதா? டாக்டரையா?"

"ஏன், கேட்டா என்ன? நானும் வரேன்."

பஞ்சு சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவரின் அறை வாசலில் பஞ்சு நின்றுவிட்டாள். பின்னால் அம்மா, அவருக்குப் பின்னால் சிட்டு. உள்ளே இருந்த பெண் மருத்துவருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு சிவந்திருந்தது. குரல் தேன் மாதிரி இல்லை, தகரத்தைத் தரையில் இழுத்தது மாதிரி கரகரவென்று இருந்தது. அதைக் கேட்டதுமே பஞ்சுவுக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

"அம்மா என் பக்கத்துல இருக்கலாமா?"

"தாராளமா."

"கதவு?"

"அது தானா மூடிக்கற கதவு," என்ற மருத்துவர் எழுந்து வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் கைப்பையையே எடுத்துக் கதவடியில் வைத்தார். "இப்போ மூடாது. வேற ஏதாவது கேக்கணுமா?"

"நான் சொல்றதை வச்சு நீங்க என்ன செய்வீங்க?"

மருத்துவர் தும்மிவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார். "முதல்ல முழுசா கேட்டுப்பேன். அப்புறம் என்ன செய்யலாம்னு உன்னையும் கேட்டுத்தான் முடிவு பண்ணுவேன். உனக்குப் பிடிக்காததைச் செய்ய மாட்டேன். இன்னைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்னு தோணினாலும் சரி, வந்ததுக்குச் சும்மா உக்காந்துட்டுப் போ."

பஞ்சு திரும்பி சிட்டுவைப் பார்த்தாள். சிட்டு தலையை ஆட்டினாள். பஞ்சு உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், "ஒரு நாள் லிஃப்ட்ல போயிட்டு இருந்தேன்..." என்று அவள் குரல் கேட்டது. சிட்டு வராந்தா பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பஞ்சு பலமுறை அங்கே போனாள். சில நாள் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். ஆனால் ஒரு நாள் குளிக்கும்போது, "அம்மா, நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாளாம். பள்ளியில் பழைய பெஞ்சுக்கே திரும்பி வந்தாள். வரும்போதே, "உன்னை மாதிரி ஒருத்தி இருக்கறதுக்கு நான் கொடுத்து வச்சிருக்கணும்" என்று சிட்டுவின் காதில் சொன்னாள். பெரியவர்கள் பேசுகிற மாதிரி சொன்னதால் இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சுவின் அம்மா மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, உங்க ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து ராத்திரி என் பொண்ணு விடியற வரைக்கும் தூங்கினா. நானும் தூங்கினேன்."

சிட்டு அப்பாவைப் பார்த்தாள். எந்த வசனத்துக்கும் தடுமாறாத அப்பா, ஒரு வார்த்தை சொல்வதற்கு இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"இத்தனை வருஷமா வில்லனுக்குத்தாம்மா குரல் கொடுக்கறேன்," என்றார். "எனக்கு யாரும் நன்றி சொல்லிக் கேட்டதே இல்ல."